காரில்லாம ஈரோட்டுச் சுத்துல மூணு நாள் நடை: கரடு, இட்டேரி, பழைய ஊர். தடம் சொல்லுங்க

நடைப்பித்து:

வணக்கமுங்க. மார்கழி மூணாவது வாரம் மூணு நாள் ஈரோட்டுல தங்கறோம், நானும் அம்மாவும். அம்மாவுக்கு 61 வயசு. தினமும் நடக்கறவங்கதான், 12 கிலோமீட்டர் வரைக்கும் சலிக்க மாட்டாங்க. ஆனா நெட்டுக்குத்தா ஏறச் சொன்னா முட்டி கேக்காது. கார், பைக் எதுவும் இல்ல, வாடகைக்கு எடுக்கற யோசனையும் இல்ல. பஸ்ஸும் பாசஞ்சர் ரயிலும்தான்.

எங்களுக்கு வேண்டியது சின்னக் கரடு (பாறைக்குன்னு), ஊருக்கு ஊர் போற மண்தடம், நடுவுல நின்னு பாக்கறாப்புல பழைய கோயிலோ கல்வெட்டோ. காலைல எங்க இறங்கறது, சாயங்காலம் எங்க ஏறறது? எந்தப் பக்கம் வனத்துறை தடுப்பாங்க? அம்மாவுக்கு இலவச பஸ்னு சொல்றாங்களே, அது எல்லா பஸ்லயும் செல்லுமா? ஏற்காடு, கொடிவேரின்னு மட்டும் சொல்லிடாதீங்க, கூட்டம் பாக்க வரல.

இட்டேரிக்காரர்:

மொதல்ல திரும்பி வர்ற பஸ்ஸை முடிவு பண்ணுங்க, அப்புறம் நடைய முடிவு பண்ணலாம். காலைல பஸ் தவறுனா டீக்கடைல முக்கா மணி நேரம் உக்காரணும், அவ்வளவுதான். சாயங்காலம் ஏதோ ஒரு வலசுல (சின்னக் குடியிருப்புல) கடைசி டிரிப் போயிடுச்சுன்னா பால்வண்டிக்காரர் மனசு வெக்கணும். அதனால பஸ் கம்மியா இருக்கற ஊர்ல இறங்கி, பஸ் சும்மா ஓடிட்டே இருக்கற ரோட்டைப் பாத்து நடங்க. ஈரோட்டுச் சுத்துல அந்த மாதிரி நம்பலாங்கற ரோடு காங்கயம் ரோடு, பெருந்துறை ரோடு, திருச்செங்கோடு ரோடு.

இட்டேரி தெரியுமில்லீங்க? ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல வண்டி போற அகலத்துக்கு மண்தடம். ஆடு மாடு பக்கத்துக் காட்டுல வாய் வெக்காம ஓட்டிட்டுப் போறதுக்கு விட்ட தடம். வேலி பெரும்பாலும் முள்கிளுவை. கொம்பை வெட்டி நட்டா அப்படியே தழைஞ்சு வேலியாயிடும், ஆளு நுழைய முடியாது. வேலிக்குள்ள இருக்கறது கொரங்காடு, அதாவது மேய்ச்சல் காடு: கொழுக்கட்டைப்புல்லு, நடுநடுவுல வெள்வேலமரம், நாலஞ்சு காங்கேயம் மாடு. காங்கயம், சென்னிமலை, அறச்சலூர் சுத்துல இன்னும் இருக்குதுங்க. பாதி இட்டேரில தார் போட்டுட்டாங்க, கொஞ்சத்தை அக்கம்பக்கத்துக்காரங்க சேத்து வளைச்சுட்டாங்க. மீதி இருக்கறதுல நடக்கலாம்.

முதல் நாளைக்கு சென்னிமலையில ஆரம்பிச்சு அறச்சலூர்ல முடிங்க. ஈரோடு பஸ் ஸ்டாண்டுல சென்னிமலை பஸ் ரெண்டு வழியா போகும். போர்டுல "வழி வெள்ளோடு"ன்னு இருக்கறதுல ஏறுங்க, பெருந்துறை வழி சுத்து. ஏழு மணிக்குள்ள சென்னிமலையில இறங்கிட்டா வெய்யில் ஏறறதுக்கு முன்னாடி மலை முடிஞ்சுடும். படி 1320. அம்மா படியேற வேண்டாம், தார் ரோடு தனியா இருக்குது, அதுல கோயில் பஸ் போகும். நீங்க படில ஏறுங்க, மேல சேந்துக்கலாம். அபிஷேகத்துக்குத் தீர்த்தம் சுமந்துட்டுக் காளை படி வழியாத்தான் ஏறும். எதிர்ல பாத்தா ஓரத்துல ஒதுங்கி நில்லுங்க. படியோட வெளிப்பக்கம் நிக்காதீங்க, உள்பக்கச் சுவத்தை ஒட்டி நில்லுங்க. குரங்கு உண்டு, கைல கேரிபேக் கூடாது.

கீழ வந்து ஊருக்குள்ள ஒரு சுத்து. பெட்ஷீட் ஊரு, தறிச்சத்தம் தெருவுக்குத் தெரு கேக்கும். அப்புறம் கெழக்கால திரும்புங்க. அறச்சலூருக்குப் பத்து, பன்னண்டு கிலோமீட்டர். மலையடிவாரத்தை வலசு வலசா ஒட்டிட்டுப் போகலாம். தார்ல மணிக்கு நாலு கிலோமீட்டர் நடப்பீங்கன்னா இட்டேரி மண்ணுல மூணுதான் வரும், கணக்கை அப்படியே போடுங்க. நின்னு நின்னு போனா நாலரை மணி நேரம். வழியில சாப்பாட்டுக் கடை நம்பாதீங்க, சென்னிமலையிலயே கட்டிக்கங்க. அறச்சலூர்ல காங்கயம் ரோட்டுக்கு வந்துட்டா ஈரோட்டுக்கு பஸ் பத்திக் கவலை இல்லீங்க.

ஒண்ணு மட்டும். மேப்புல மலை முதுகு மேலயே ஒரு தடம் தெரியுதுன்னு அதுல ஏறிடாதீங்க. அது காப்புக்காடு, வனத்துறையோடது.

கல்லெழுத்து:

மேலே சொன்ன காப்புக்காடு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் சென்னிமலைப் பக்கமும் ஊதியூர் மலைப் பக்கமும் சிறுத்தை நடமாட்டச் செய்தி வந்திருக்கிறது. ஆடு பிடித்ததெல்லாம் அடிவாரத் தோட்டங்களில். எனவே பொழுது விடிவதற்கு முன்பும் சாய்ந்த பின்பும் அடிவார இட்டேரியில் இருவராகக்கூட நடக்க வேண்டாம். கோயில் படிக்கட்டு, தார் ரோடு, ஊர்ப் பொதுத்தடம் இந்த மூன்றுக்கும் அனுமதி தேவையில்லை. எல்லைக்கல் தாண்டினால் வனத்துறையில் கேட்டுத்தான் போக வேண்டும்.

அறச்சலூரில் பஸ் ஏறிவிடாதீர்கள், அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஊரை ஒட்டிய நாகமலையில் ஒரு குகைத்தளம், அதில் இசைக் கல்வெட்டு. புலவர் செ. இராசு கண்டறிந்து சொன்னது. தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து வட்டெழுத்தாக மாறத் தொடங்கிய காலத்து வடிவம். வரிக்கு ஐந்து எழுத்து, ஐந்து வரி. முதல் வரி "த தை தா தை த". இடமிருந்து வலம் படித்தாலும் வலமிருந்து இடம் படித்தாலும் ஒன்றுதான், மேலிருந்து கீழே படித்தாலும் அதே வரிசை வரும். எழுத்தைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் வெட்டியிருக்கிறது. வண்ணக்கன் என்றால் காசு, மணி நோட்டம் பார்ப்பவன். ஆட்டத்துக்கான தாளக்கட்டை மணி நோட்டக்காரன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான் என்பது இந்த ஊருக்கே பொருத்தமான செய்தி, ஏன் என்பதை அகழாய்வு நடந்த கொடுமணல் போனால் புரியும்.

பார்க்கும் முறை: எழுத்துக் கீற்று ஆழமில்லை. உச்சி வெயிலில் போனால் வெறும் பாறைதான் தெரியும். வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள், அல்லது செல்போன் டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், கீற்றில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்கக் கூடாது. பல கல்வெட்டுகள் வாசிக்க முடியாமல் போனதற்கு அந்த வேலைதான் காரணம். ஊருக்குள் "கல்வெட்டு எங்கே" என்று கேட்பதைவிட ஆண்டிப்பாறை என்று கேளுங்கள். கால் வைக்கும் இடம் உருட்டுக்கல், அம்மா கீழேயே இருப்பது நல்லது.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டி 1802இல் கம்பெனிப் படையோடு மோதிய இடம். கோட்டை இன்று இல்லை, பீரங்கி வைத்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இருப்பது அரசு கட்டிய மணிமண்டபம். கோட்டைச் சுவரைத் தேடிப் போய் ஏமாற வேண்டாம்.

துர்க்கம்ரோடு:

அப்ப ரெண்டாம் நாள் சங்ககிரிதான். ஓடாநிலைல ஆரம்பிச்ச கதை முடியற இடம். 1805 ஜூலை 31ஆம் தேதி சின்னமலையைத் தூக்குல போட்டது இந்தக் கோட்டைலதான்.

ஈரோடு–சேலம் பாசஞ்சர் நிக்கற ஸ்டேஷன் பேரு சங்ககிரி துர்க்கம். ஆனா ரயில் ஸ்டேஷன் ஒரு பக்கம், கோட்டை அடிவாரம் ஒரு பக்கம். மலை ஏறற அன்னைக்கு பஸ்ஸே மேல், ஊருக்குள்ள இறக்கி விடும். ஏறும்போதே "ஊருக்குள்ள போகுமாங்க, பைபாஸா"ன்னு கேட்டுட்டு ஏறுங்க. சேலம், கோயமுத்தூர்னு போர்டு போட்ட வண்டி பைபாஸ்ல இறக்கி விட்டுட்டு ஓடிடும்.

மலைக்கோட்டை தொல்லியல் துறை பராமரிப்பு. ஏறி, சுத்திப் பாத்து, இறங்க மூணு மணி நேரம் வெச்சுக்கங்க. வாசல் வாசலா ஏறிப் போகும், வாசலுக்கு வாசல் வளைஞ்சு வளைஞ்சு. யானையை விட்டு முட்டினா வேகம் எடுக்க நேர்வழி இருக்கக் கூடாதுன்னு கட்டின வளைவு அது. பழைய படிகள்ல நடுவுல தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும், ஓரத்துல கால் வெச்சு இறங்குங்க. வழுக்கி விழறதெல்லாம் இறங்கும்போதுதான். மேல பெருமாள் கோயில், தர்கா, வெடிமருந்துக் கிடங்கு, சுனை எல்லாம் உண்டு. குடிதண்ணி கிடையாது. சுனைத்தண்ணி பச்சையா இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். ஆளுக்கு ரெண்டு லிட்டர், மார்கழிக்கே. பங்குனி சித்திரைன்னா மூணு.

கோட்டைச் சுவர் இடுக்குல மலைத்தேனீ கூடு இருக்கும். சென்ட் அடிச்சுட்டுப் போகாதீங்க, கூட்டுக்குக் கீழ நின்னு சத்தம் போடாதீங்க, புகை ஆகவே ஆகாது. ஒண்ணு கொட்டினா கையை வீசாம வந்த வழியே வேகமா இறங்கிடணும். வீசினா மீதியும் வரும்.

அம்மா முதல் ரெண்டு மூணு வாசல் வரைக்கும் வந்து நிழல்ல உக்காரட்டும். அங்கிருந்தே கீழ ஊரு முழுசும் தெரியும்.

பத்து மணிக்கு இறங்கிட்டா அங்கேயே திருச்செங்கோடு பஸ். அரை மணி நேரம். திருச்செங்கோட்டுல படி 1200 சொச்சம், மேல வரைக்கும் ரோடும் உண்டு. படிவழியில பாறைல செதுக்கின 60 அடி நாகம் இருக்குது, ரோட்டுல போனா அது கண்ணுல படாது. அதனால ஏற்றத்துக்கு பஸ், இறக்கத்துக்குப் படின்னு போட்டுக்கங்க. அறுபதாம் படியில நின்னு சத்தியம் பண்றது அந்தக் காலத்துல கோர்ட்டுக்குச் சமம்னு சொல்வாங்க. முட்டி வலிக்குதுன்னா இறக்கத்தையும் பஸ்லயே முடிங்க, ஏறறதைவிட இறங்கறதுதான் முட்டியைப் பிடிக்கும். திருச்செங்கோட்டுல இருந்து ஈரோட்டுக்கு ராத்திரி வரைக்கும் பஸ் இருக்குது.

நடைப்பித்து:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மூணாம் நாளைக்குக் கொடுமணல் போலாம்னு ஆசை. பஸ் எப்படி? அங்க போனா என்ன தெரியும்? நொய்யல் கரையிலயே நடக்க முடியுமா?

நொய்யல்கரை:

முடியும். ஆனா என்ன தெரியும்னு முன்னாடியே தெரிஞ்சுட்டுப் போங்க, இல்லன்னா "இதுக்கா வந்தோம்"னு ஆயிடும்.

தோண்டின குழியை எல்லாம் வேலை முடிஞ்சதும் மூடிடுவாங்க. கண்ணாடிப் பெட்டி, பலகை, டிக்கெட் கவுண்டர்னு எதிர்பாக்காதீங்க. காடுதான். உழுத காட்டுக்கு நடுவுல வட்டமா பாதி புதைஞ்ச குண்டுக்கல்லு தெரிஞ்சா அது கல்வட்டம், கீழ ஈமக்கல்லறை. அங்கங்க நெட்டுக்கல்லு. அந்தக் காலத்துல இங்க இரும்பு உருக்கினாங்க, மணி கோத்தாங்க. படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல்லு, மத்த வண்ணக்கல்லுன்னு கொண்டுவந்து பட்டை தீட்டித் துளை போட்ட ஊர் இது. பதிற்றுப்பத்துல "கொடுமணம்"னு வர்றது இதுதான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980கள்ல இருந்து தோண்டுச்சு, அப்புறம் மாநிலத் தொல்லியல் துறையும். மணி நோட்டம் பாக்கற வண்ணக்கன் அறச்சலூர்ல ஏன் இருந்தான்னு இப்பப் புரியுதா?

மழை பேஞ்ச மறுநாள் போனா மண்ணு கழுவி உடைஞ்ச மணி, ஓடு, இரும்புக் கசடு மேல கிடக்கும். பாருங்க, போட்டோ எடுங்க, எடுத்த இடத்துலயே விட்டுடுங்க. பையில போட்டா சட்டப்படி குத்தம். அதைவிட, எந்த இடத்துல கிடந்துச்சுங்கறதுதான் ஆராய்ச்சிக்கு வேணும். இடம் மாறின மணி வெறும் கல்லு.

பஸ்: சென்னிமலையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். டவுன் பஸ், மினி பஸ் எண்ணிச் சொல்ற அளவுதான். இணையத்துல இருக்கற நேரத்தை நம்பாதீங்க. முன்னாடியே சென்னிமலை பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பர்கிட்ட "கொடுமணல் காலைல எத்தனைக்கு, திரும்பி மத்தியானம் எத்தனைக்கு, கடைசி எத்தனைக்கு"ன்னு மூணையும் கேட்டு எழுதிக்கங்க. முதல் நாள் அங்கதான போறீங்க, அன்னைக்கே கேட்டுடுங்க. மூணாம் நாள் கொடுமணல்ல இறங்கும்போது டிரைவர்கிட்ட ஒரு தடவை உறுதி பண்ணிக்கங்க. பள்ளிக்கூடம் லீவுன்னா ஒரு டிரிப் குறையலாம்.

ஆத்தங்கரை நடையைப் பத்தி: தடம் இருக்குது, அழகும் இருக்குது. ஆனா தண்ணி வேறே. திருப்பூர்ச் சாயம் இறங்கின ஆறு. கீழ ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்குன்னு கட்டிட்டு, சாயத்தண்ணி தேங்கினதால விவசாயிகளே தண்ணியைத் தேக்காதீங்கன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. காலைக்கூட நனைக்க வேண்டாம். கரையோரத் தோட்டத்துக் கிணத்துத் தண்ணியும் உப்பாத்தான் இருக்கும், குடிக்கக் கேக்காதீங்க. தண்ணி முழுசும் சுமந்துட்டுத்தான் போகணும்.

பஸ் சரியா அமையலைன்னா மாத்துவழி ஒண்ணு: ஈரோட்டுல கோவை பாசஞ்சர் ஏறி ஊத்துக்குளி. ஊத்துக்குளி ஆர்.எஸ். (ரயில் ஸ்டேஷன்) வேற, ஊத்துக்குளி டவுன் வேற, நடுவுல பஸ்லயோ நடந்தோ போகணும். டவுன் பக்கத்துல கதித்தமலை. இங்க இதுவரைக்கும் சொன்ன மலையிலயே அம்மாவுக்கு ஏத்தது அதுதான், சின்னது. திரும்பும்போது விஜயமங்கலத்துல இறங்கி சமணக் கோயில். "சமணக் கோயில்"னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க, "நெட்டைக் கோபுரம்"னு கேளுங்க. பெருங்கதை எழுதின கொங்குவேளிர் ஊரு அது. பூட்டியிருந்தா பக்கத்து வீட்டுல சாவி யாருகிட்டன்னு விசாரிங்க. அங்கிருந்து பெருந்துறை வழியா ஈரோட்டுக்கு பஸ். பைபாஸ் பிரச்சனை இங்கயும் உண்டு.

முள்வாங்கி:

எல்லாரும் ஊரைச் சொன்னீங்க, காலைப் பத்தி யாரும் சொல்லல.

இட்டேரில நடக்கறவங்களுக்கு எதிரி ஏத்தமில்ல, முள்ளு. வேலி வெட்டினப்ப சீமைக்கருவேல முள்ளு தடத்துல விழுந்து காஞ்சு கிடக்கும். ஓடறதுக்குன்னு விக்கற ஷூ அடி ஸ்பாஞ்சு மாதிரி மெத்துனு இருக்கும், முள்ளு நேரா ஏறி உள்ளங்காலைப் பாத்துடும். அழுத்தமான ரப்பர் அடி வேணும். வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால அடிப்பகுதியை அழுத்துங்க, நகம் இறங்குச்சுன்னா வேண்டாம். முள்ளு ஏறிடுச்சுன்னா உடனே இழுக்காதீங்க, நுனி உள்ள முறிஞ்சுடும். காலைக் கழுவி, முள்ளு எந்தச் சாய்வுல போயிருக்குன்னு பாத்து அதே சாய்வுல எடுக்கணும். சந்தைல முள்வாங்கின்னு இடுக்கி ஒண்ணு விப்பாங்க, அரணாக்கயித்துல கோத்துக்கறது. ஒரு செட்டு வாங்கிப் பையில போடுங்க. டெட்டனஸ் ஊசி போட்டு ரொம்ப வருஷம் ஆச்சுன்னா கிளம்பறதுக்கு முன்னாடியே போட்டுக்கங்க.

மார்கழில கொழுக்கட்டைப்புல்லு காஞ்சு விதை ஒட்டும். உல்லன் சாக்ஸ் போட்டா சாயங்காலம் பிரிச்செடுக்க ஒரு மணி நேரம். வழுவழுப்பான துணியில முழுக்காலுச் சட்டை, அம்மாவுக்குச் சுடிதார். சேலை கட்டினா கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல தூக்கிச் செருகிக்கணும்.

கொரங்காட்டுக்கு வாசல் இருக்கும், படல் வெச்சுச் சாத்தியிருப்பாங்க. தடம் உள்ள போகுதுன்னு தெரிஞ்சாலும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டுட்டுத்தான் போகணும். "ஏனுங்க, இக்கட்டால (இந்தப் பக்கமா) அறச்சலூர் போகலாங்களா"ன்னு கேட்டா பெரும்பாலும் கூட வந்தே காட்டி விடுவாங்க. திறந்த படலைத் திரும்பச் சாத்துங்க. மாடு வெளிய போச்சுன்னா அடுத்து வர்றவங்களுக்கு அந்தத் தடம் அடைஞ்சுது.

தோட்டத்து நாய்: ஓடாதீங்க, கல்லெடுக்கக் குனியாதீங்க. நின்னு சத்தமா வீட்டுக்காரங்களைக் கூப்பிடுங்க. கைல ஒரு கம்பு இருக்கட்டும், ஓங்கறதுக்கு இல்ல, முன்னாடி தட்டிட்டுப் போறதுக்கு. கல்லுக்குவியல்ல சுருட்டைவிரியன் இருக்கும். சின்னதா இருக்கும், மண்ணு நிறம். உக்காரும்போது பாறை இடுக்குல கையை ஊனாதீங்க.

கல்குவாரி பக்கம் சிகப்புக்கொடி கட்டியிருந்தா அன்னைக்குப் பாறைக்கு வேட்டு வெப்பாங்க. அந்தத் தடத்தை விட்டுடுங்க. மேப் இதையெல்லாம் காட்டாது. சர்வே ஆஃப் இந்தியா 1:50,000 தாள்ல பழைய வண்டித்தடம் எல்லாம் இருக்கும், செல்போன் மேப்போட சேத்து வெச்சுப் பாத்தா எது இட்டேரி எது யாரோட தோட்டத்துக்குள்ள போற தடம்னு ஓரளவு தெரியும்.

இட்டேரிக்காரர்:

இலவச பஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலியே. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ல மட்டும்தான். "மகளிருக்குக் கட்டணமில்லை"ன்னு எழுதியிருக்கும். அதுலயும் டிக்கெட் வாங்கணும், கட்டணமில்லாத டிக்கெட்டு தனியா கிழிச்சுக் குடுப்பாங்க. வாங்காம உக்காந்து செக்கிங் வந்தா சங்கடம். தூரம் போற அரசு பஸ்ல செல்லாது, தனியார் பஸ்ல செல்லவே செல்லாது. நம்ம பக்கம் தனியார் பஸ் அதிகம், முன்னாடி வர்றது பாதி நேரம் அதாத்தான் இருக்கும். பத்து, இருவது ரூபாய்ச் சில்லறை நிறைய வெச்சுக்கங்க.

இன்னொண்ணு, முதல் நாள் அம்மாவுக்கு 12 கிலோமீட்டர் அதிகம்னு தோணுச்சுன்னா போற வழியிலயே வெள்ளோட்டுல இறங்கிடலாம். பறவை சரணாலயம் இருக்குது. மார்கழில ஏரி நிறைஞ்சு பறவை கூட்டமா இருக்கும். கரை மேல நடை சமதளம்.

நடைப்பித்து:

முடிவு பண்ணிட்டோமுங்க. முதல் நாள் சென்னிமலை–அறச்சலூர், அம்மா வெள்ளோடு வரைக்கும் பாத்துட்டு பஸ்லயே அறச்சலூர் வந்து காத்திருக்கறேன்னுட்டாங்க. ரெண்டாம் நாள் சங்ககிரி, திருச்செங்கோடு. மூணாம் நாள் சென்னிமலை டைம்கீப்பர் சொல்றதைப் பொறுத்துக் கொடுமணல், இல்லன்னா ஊத்துக்குளி.

இட்டேரிக்காரர்:

வெள்ளோட்டுல இருந்து அறச்சலூருக்கு நேர் பஸ் கிடைக்கறது கஷ்டம். அம்மாவை ஈரோட்டுக்கே திரும்பி, அங்க காங்கயம் பஸ் ஏறச் சொல்லுங்க. சுத்துதான், ஆனா ரெண்டு பஸ்ஸும் காத்திருக்காம கிடைக்கும்.